ஏரியில் பங்கு வாங்கிய கம்பெனி

காய்ந்து வெடித்த வாய்க்காலில் ஏரித் தண்ணீர் முதன்முதலாக வந்து நுழையும்போது ஒரு வாசனை எழும். அழுகிய இலையும், கெளுத்தி மீனின் வழவழப்பும், வெயிலில் சுட்டுக் கிடந்த மண் திடீரென்று நனைந்ததால் கிளம்பும் சூடும் ஒன்றாகக் கலந்த வாசனை அது, மூக்கைப் பொத்திக்கொள்ளவும் தோன்றும், இன்னொரு முறை இழுத்துக்கொள்ளவும் தோன்றும். எங்கள் அப்பாவின் மேல் ஆண்டு முழுவதும் அந்த வாசனை இருந்தது, ஏனென்றால் ஏரிக்குள் முங்கிப் போய்த் 'தூம்பு' என்கிற மதகின் அடைப்பைப் பிடுங்கி அந்தத் தண்ணீரை வெளியே விடுகிறவர் அவர்தான். ஊரில் அந்த வேலைக்கு 'நீர்கண்டி' என்று பெயர். அப்பாவின் பெயர் முனிசாமி, ஆனால் ஊரில் அரைக்கச்சை கட்டாத பொடிசுகள்கூட அவரை, 'அடே முனி' என்பதுபோலத் தெலுங்கில், 'முனிகா' என்றுதான் கூப்பிடும்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஆசை இல்லை, ஆத்திரம். நான் தங்கச் சுரங்கத்தை ஒட்டின ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. நான் நடத்த வேண்டிய பூகோளப் புத்தகத்தில் எங்கள் சீமையைப் பற்றி ஒரு பாடம் வருகிறது. தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறவரை இந்தப் பக்கமெல்லாம் பாறையும் முள்ளுமாய் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்ததாம், கம்பெனிகள் வந்து இயந்திரம் நட்ட பிறகுதான் இங்கே மனிதர்கள் குடியேறினார்களாம். இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. ஆள் நடமாட்டம் இல்லையாமே, அப்படியானால் நாங்களெல்லாம் யார், பேயா, பிசாசா? எழுதின மகானுபாவர் யாரென்று தெரிந்தால் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டிருப்பேன். தெரியவில்லை, ஆகையால் இங்கே கேட்கிறேன்.

சுரங்கங்கள் இருக்கிற மாரிகுப்பத்துக்குக் கிழக்கே, விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்து சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை, அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கும் அவர்களுக்கும் இருக்கிற வழக்கு போதும். சிவந்த மண், இடையிடையே கரும்பாறை, பாறைச் சந்துகளில் சீத்தாமரமும் காரைப்புதரும். ஆற்றை நம்பிப் பிழைக்கிற சீமை அல்ல அது. மலையில் விழுகிற மழையை மேட்டில் ஒரு ஏரி மடக்கும், அது நிறைந்து வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது வழிந்தால் அதற்கும் கீழே இருக்கிற ஊருக்கு. இப்படி ஒரு ஊரின் மிச்சத்தில் அடுத்த ஊர் பிழைக்கும்படி யாரோ எந்தக் காலத்திலோ பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். மேட்டு நிலத்தில் கேழ்வரகு, அதன் நடுவே சால் விட்டு அவரையும் துவரையும், ஒன்றுக்கும் ஆகாத கல்லாங்காட்டில் கொள்ளு, ஏரிக்குக் கீழே நெல்லும் கொஞ்சம் கரும்பும். மார்கழிப் பனியில் அவரைக்காய் வந்துவிட்டால் ஊரில் யார் வீட்டு அடுப்பிலும் வேறு குழம்பு இராது, களியை உருட்டி அந்தக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டு மத்தியானம்வரை பசி தெரியாமல் வேலை செய்வார்கள்.

நிலம் வைத்திருந்த குடியானவர்கள் தெலுங்கு பேசினார்கள், பானை வனைகிறவர்களும் கருங்கம்பளி போர்த்திய ஆட்டிடையர்களும் கன்னடம் பேசினார்கள், ஏரிக்கரைக்கு அடியில் ஈரம் கசிகிற பள்ளத்தில் குடிசை போட்டிருந்த நாங்கள் தமிழ். எங்கள் முன்னோர் வடாற்காட்டிலிருந்து எப்போதோ ஒரு பஞ்சத்தில் மேடேறி வந்தவர்களாம். மாட்டை அதட்டத் தெலுங்கு, சந்தையில் பேரம் பேசக் கன்னடம், வீட்டுக்குள் சண்டை போடத் தமிழ் என்று எனக்கு விவரம் தெரிகிறபோதே மூன்றும் வாயில் இருந்தன. இத்தனை பேர், இத்தனை பயிர், இத்தனை பேச்சு இருந்த இடத்தைத்தான் அந்தப் புத்தகம் வெறும் முள்ளுக்காடு என்கிறது.

ஊரைப் பற்றி இப்படிச் சொல்வதால் நான் அதை நினைத்து உருகுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்களுக்கு அந்த ஊர் செய்ததை நான் மறந்தவளில்லை. மேல்தெருக் கிணற்றில் நாங்கள் கயிறு போடக் கூடாது. எங்கள் அம்மா கன்னியம்மா குடத்தை வைத்துக்கொண்டு எட்ட நிற்பாள், மனம் இரங்கின யாராவது மேலேயிருந்து ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் கரைக்கு அடியில் ஊறுகிற குட்டைத் தண்ணீர்தான். எங்கள் அப்பா மார்கழிக் குளிரில் ஏரிக்குள் முங்கி, மூச்சைப் பிடித்து, அடைப்பைப் பிடுங்கி விட்ட தண்ணீர் அவர்கள் எல்லாருடைய வயலுக்கும் போகும். அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசி அவர்கள் அடுப்பில் கொதிக்கும். அதே கையால் ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினால் மட்டும் தீட்டு. அது எப்படி, வயலுக்குப் போகும்போது ஒட்டாத தீட்டு வாய்க்குப் போகும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது? சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதை அப்பாவிடம் கேட்டேன், அவர் என் தலையில் குட்டினார்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்த ஊரில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். தூம்பை நிலக்காரர் எவரும் தொடக் கூடாது. எத்தனை பெரிய நிலமானாலும், ஊர்த் தலைவரான பட்டேலே ஆனாலும், எங்கள் அப்பா திறந்து விடுகிறபோதுதான் தண்ணீர், மடையை மண்ணால் அடைத்துவிட்டால் நின்றது நின்றதுதான். ஏரி நிறையாத வருஷத்தில் இன்னொரு வழக்கம் உண்டு, அதற்கு 'தாமாஷா' என்று பெயர். கார்த்திகையில் எல்லாரும் தூம்புக் கல்லண்டை கரையில் கூடுவார்கள். அப்பா தண்ணீருக்குள் இறங்கி, கல்தூணில் எதுவரை ஈரம் நிற்கிறதென்று தொட்டுப் பார்த்து, இந்த வருஷம் இன்ன மேடுவரைதான் பாயும் என்று சொல்வார். சொன்ன மறுநிமிஷம் அந்த ஒரு வருஷத்துக்கு வரப்புக்கு மதிப்புப் போய்விடும். கரையை ஒட்டின நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் மட்டும்தான் நடவு, அதிலேயே ஊரார் எல்லாருக்கும் ஒரு துண்டு, நீர்கண்டி வேலைக்காக எங்களுக்கு இருந்த சின்னத் துண்டுக்கும் ஈடாக அங்கே ஒரு மூலை. கடைமடையில் நிலம் வைத்திருந்தவன் பிள்ளையும் அந்த வருஷம் சோறு தின்னும்.

பங்கு கேட்கிறவர் வெறும் மண்ணில் குந்தித்தான் கேட்க வேண்டும், பட்டேலுக்கும் பாய் கிடையாது. கேட்டு வாங்கினதும் ஏரியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தூம்புக் கல்லின்மேல் ஊற்ற வேண்டும். முறை தப்பித் தண்ணீர் எடுக்க மாட்டேன், சித்திரையில் ஏரி வற்றியதும் கூடையோடு வந்து வண்டல் எடுப்பேன் என்பது அதற்கு அர்த்தம். பங்கு வாங்கினவன் மண் எடுக்க வேண்டும், மண் எடுத்தவனுக்குப் பங்கு உண்டு. இதைக் காகிதத்தில் எழுதி யாரும் பார்த்ததில்லை, மீறியும் யாரும் பார்த்ததில்லை. இந்த நம்பிக்கைதான் எங்களைக் கவிழ்த்தது.

எனக்கு ஞாபகம் தெரிந்த நாளாகவே மேற்குப் பக்கத்திலிருந்து சுரங்கத்தில் கல் இடிக்கிற சத்தம் 'தொம் தொம்' என்று இரவு பகல் இல்லாமல் வந்துகொண்டிருக்கும். பாய்லருக்கு விறகு கேட்டு வண்டிகள் போகும், போன வேகத்தில் மலை மொட்டையாகிக்கொண்டு வந்தது. பங்காருபேட்டையிலிருந்து ரயில் பாதை போட்ட பிறகு வடாற்காட்டு ஜனங்கள் சட்டிபானையும் கோழிக்கூண்டுமாய் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவிலேயும் சிலர் 'ஷாப்ட்' என்கிற சுரங்கக் குழியில் இறங்கப் போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. தூம்பை யார் பார்ப்பது என்பார்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாதிகூட நிறையவில்லை. தாமாஷாவுக்காக ஊர் கரையில் கூடியிருந்த அன்றைக்கு, சுரங்கக் கம்பெனி ஒன்றின் துரை குதிரைமேல் வந்தார், கூடவே அவர் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி. கம்பெனியின் குட்டை வற்றிவிட்டதாம், பாய்லருக்கும் கூலி ஜனங்கள் குடிக்கவும் தண்ணீர் வேண்டுமாம். பட்டேல் வாய் நிறைய வெற்றிலையோடு நெடுநேரம் யோசித்தார். கடைசியில், தாகம் என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள், இல்லையென்று சொன்னால் ஊருக்கு அழகில்லை, ஆகையால் கம்பெனியையும் ஒரு பங்காளியாக வைத்து ஒரு பங்கு கொடுப்போம் என்று தீர்த்துச் சொன்னார். விடியலிலிருந்து உச்சிப்பொழுதுவரை அவர்கள் முறை, அதற்குமேல் வயலுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு காரியம் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பெரிய பெரிய ராஜாக்களையே விழுங்கி ஏப்பம் விட்ட ஜாதியாரைக் கூப்பிட்டு, நீயும் எங்களைப்போல ஒரு பங்காளி, ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போ என்றார்கள் எங்கள் ஆட்கள்.

துரையும் ஊற்றினார். துபாஷி என்னவோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே பூட்ஸ் காலோடு குனிந்து, ஒரு கை அள்ளிக் கல்லின்மேல் தெளித்துவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரையும்விட எங்கள் அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரனும் நம்ம ஏரிக்குக் கட்டுப்பட்டுவிட்டான் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் கரை ஓரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

"அவன் நின்னுக்கினே கேட்டான்," என்றாள். "பங்கு கேக்கறவன் குந்துவான்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கால்சட்டை போட்டவனால் எப்படிக் குந்த முடியும் என்று சண்டைக்கு நின்றார். அம்மா களிப்பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

தை பிறக்கும்போது குழாய் வந்தது, கரையோரம் தகரக் கொட்டகை போட்டு இயந்திரம் வைத்தார்கள். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. உச்சிப்பொழுதானால் அப்பா கொட்டகை வாசலில் போய் நிற்பார், இயந்திரம் நிற்கும், அப்பா தூம்புக்குப் போவார். மாசியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், ஒரு நாள் உச்சிக்குப் பிறகும் இயந்திரம் நிற்கவில்லை. அடுத்த நாள் பொழுது சாய்ந்தும் நிற்கவில்லை. பிறகு ராத்திரியும் ஓடியது. அப்பா கொட்டகைக்குப் போய் முறை முடிந்துவிட்டது என்றார். இயந்திரம் ஓட்டுகிறவர் ஆம்பூர்ப் பக்கத்து ஆள், எங்கள் ஜனம்தான், அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"எனுக்குத் தெரியாதா அண்ணே, எங்க ஊர்லயும் ஏரி கீது," என்றாராம் அவர். "நிறுத்தினா என்னியத் தொரத்திட்டு வேற ஆள வெப்பாங்க. அவன் உன்ன அண்ணேன்னுகூடக் கூப்ட மாட்டான்."

அப்பாவும் பட்டேலும் கம்பெனி ஆபீசுக்குப் போனார்கள். ஊரில் பட்டேலுக்கு முன்னால் அப்பா உட்கார முடியாது, அங்கே இரண்டு பேரும் சரிசமமாக வெயிலில் நிற்க வைக்கப்பட்டார்கள். துரை கல்லின்மேல் தண்ணீர் ஊற்றியதை ஞாபகப்படுத்தச் சொல்லி அப்பா துபாஷியைக் கெஞ்சியிருக்கிறார். துபாஷி அதைத் துரையிடம் சொல்லவே இல்லையாம், தானே சிரித்துவிட்டு, ஏரி சர்க்காருடையது, சர்க்கார் அனுமதி கொடுத்தாகிவிட்டது, போங்கள் என்றானாம். அந்த ஆபீசை விட்டு வந்த கதையை அப்பா சாகிறவரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அவர் மனம் ஆறாமல் கேட்டது ஒன்றைத்தான்: சொல்லிவிட்டாவது மறுத்திருக்கக் கூடாதா? எனக்குத் துரைமேல் வருகிற கோபத்தைவிட அந்தத் துபாஷிமேல் வருகிற கோபம் அதிகம். நம்மவன், நம் பேச்சு தெரிந்தவன், ஒரு ஏழையின் நியாயத்தை அந்தப் பக்கம் கடத்திவிட அவன் நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்?

கதிரெல்லாம் பதராகப் போயிற்று. களத்தில் தூற்றினபோது மணி விழவில்லை, எல்லாம் காற்றோடு போயிற்று. அந்த ஆண்டு ஊரே மேட்டுக் கேழ்வரகையும் கொள்ளையும் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. பசித்தவனுக்குக் கோபத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே, கம்பெனி எட்டாத உயரத்தில் இருந்தது, பட்டேல் பெரிய மனிதர், கிடைத்தார் எங்கள் அப்பா. முனிகாடுதான் கம்பெனிக்காரனிடம் கை நீட்டிவிட்டான், முனிகாடுதான் ராத்திரியில் அடைப்பைத் தளர்த்திவிட்டான் என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பங்கு கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பட்டேல் அங்கேயேதான் இருந்தார், வெற்றிலை மென்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. 'நான்தான் கொடுக்கச் சொன்னேன்' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? அந்த மனிதர் செத்து எரிந்து சாம்பலாகி எத்தனையோ வருஷம் ஆகிறது, எனக்கு இன்றைக்கும் அவரை மன்னிக்க வரவில்லை.

சித்திரை வந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. அப்பா வழக்கம்போலத் 'தமட்டை' என்கிற பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டு, வண்டல் எடுக்க வாருங்கள் என்று தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போனார். ஒருவரும் கூடையைத் தொடவில்லை. யார் குடிக்க நாங்கள் மண் எடுப்பது என்று கதவைச் சாத்தினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து குந்தினவர், இன்னும் ஒரு பங்காளியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று எழுந்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கையைப் பிடித்தாள், அழுதாள், திட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் மாறுகிற நேரம். சுரங்கத்து வாசலில் உள்ளே போகிறவர்களும், உடம்பெல்லாம் கல்மாவோடு வெளியே வருகிறவர்களுமாய் நெருக்கம். அப்பா வாசலுக்கு நேர் எதிரே நின்று தமட்டையை அடித்தார். அந்தத் தாளம் எனக்குத் தெரியும், ஊரில் வருஷாவருஷம் கேட்கிற தாளம்.

"ஏரியில பங்கு வாங்கின கம்பெனி," என்று கூப்பிட்டார். "தண்ணி எடுத்தாச்சி. மண்ணு எடுக்கக் கூடைய எடுத்துக்கினு வாங்க."

காவல்காரர்கள் முதலில் சிரித்தார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள். அப்பா நிறுத்தவில்லை, அதே வார்த்தையை ஏற்றாமல் இறக்காமல் மறுபடி மறுபடி சொன்னார். அப்புறம் ஒருவன் வந்து தமட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான், தோல் கிழிந்தது, அப்பாவின் கழுத்தில் கைவைத்துப் பாதையோரம் தள்ளினார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத பாதிப் பேரை நான் பார்த்தேன், அவர்கள் முகம் என்னவோபோல் ஆகியிருந்தது. பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவர்களும் வந்தவாசிப் பக்கம், ஆரணிப் பக்கம், ஏதோ ஓர் ஏரிக்குக் கீழே பிறந்தவர்கள், அந்தத் தாளம் எதற்கு அடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, எந்த ஏரி என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாய், சுரங்கக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளிலிருந்து கூடையும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கல்யாணக் கூட்டம்போலக் கரைமேல் வந்து நின்றார்கள். அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எங்கே வெட்ட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று காட்ட ஓடினார்.

அதற்குள் பட்டேல் மேல்தெரு ஆட்களோடு வந்துவிட்டார். நில்லுங்கள் என்றார். கம்பெனிக்கு முன்னால் வெயிலில் வாய் திறக்காமல் நின்ற மனிதருக்கு அன்றைக்கு எங்கிருந்தோ குரல் வந்திருந்தது. மீசைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார்.

"எங்களுக்குப் பங்கு கிங்கு ஒண்ணும் வாணாங்க. நாங்க குடிக்கிற தண்ணி இந்த ஏரித் தண்ணி. மண்ணு எடுக்கணும்னு கூப்ட்டாங்க, வந்துகீறோம்."

பட்டேல் அவர் பக்கம் திரும்பாமல் அப்பாவைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். இன்றைக்கு மண் எடுப்பார்கள், நாளைக்கு மண் எடுத்தோம் என்று சொல்லிக் கரையில் குந்திப் பங்கு கேட்பார்கள், உன் அப்பன் வீட்டு நிலத்திலிருந்து கொடுப்பாயா என்றார். இத்தனை பேர், அதிலும் இந்த ஜனங்கள், ஏரிக்குள் இறங்கினால் ஏரி என்னத்துக்கு ஆகும் என்றார். அடேயப்பா, கல்லண்டை பூட்ஸ் கால் பட்டபோது வராத தீட்டு கூடை தூக்கி வந்தவர்கள் கால் பட்டால் வந்துவிடுமாம். தண்ணீரை எடுத்துக்கொண்டு போனவனைப் பங்காளி என்றார்கள், மண் எடுக்க வந்தவனைத் திருடன் என்றார்கள்.

அவர்கள் சண்டை போடவில்லை. கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். அப்பா வெடித்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கரையை விட்டு இறங்கிப் பள்ளத்துக்கு வந்தார்.

"கன்னிம்மா," என்றார், "சட்டி பான எட்த்துக்கோ."

அன்றைக்கே நாங்களும் அந்தக் கூட்டத்தின் பின்னால் மேற்கே நடந்துவிட்டோம். அப்பா 'அண்டர்கிரவுண்ட்' வேலைக்குச் சேர்ந்தார், கல் நிறைந்த டிராலியைத் தள்ளித் தள்ளி, நெஞ்சில் கல்மாவு படிந்து, இருமி இருமி, தலை நரைப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். தண்ணீருக்குள் அத்தனை நேரம் மூச்சடக்கினவர் கடைசிக் காலத்தில் நாலு படி ஏற மூச்சில்லாமல் தவித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். லயனில் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள், அதனால் எனக்கு நாலு எழுத்து வந்தது.

எங்களுக்குப் பின்னால் ஊரில் நீர்கண்டி வேலைக்கு ஆள் நிற்கவில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில்கூடத் தூம்புக்காக அடித்துக்கொண்டார்கள் என்றும், ஆளுக்கொரு பக்கம் கரையை வெட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டோம். வண்டல் ஏறி ஏரி மேடாகிக்கொண்டே வந்தது, கீழே இருந்த வயலையெல்லாம் கம்பெனியே சல்லிசாக வளைத்துக்கொண்டது. கடைசியில் தூரத்துப் பெரிய ஏரியிலிருந்து குழாய் போட்டுக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு எங்கள் ஏரி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. வேண்டியபோது உறிஞ்சினார்கள், வேண்டாதபோது அதிலேயே தங்கம் எடுத்த சக்கை மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இன்றைக்கு அங்கே ஏரி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மலை நிற்கிறது, அதில் புல் முளைப்பதில்லை, ஆடு ஏறுவதில்லை. தூம்புக் கல் எத்தனை ஆள் ஆழத்தில் புதைந்திருக்கிறதோ தெரியாது. தாமாஷா என்ற வார்த்தை என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை, தமாஷா என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அந்த மலையிலிருந்து கிளம்புகிற தூசி ஊர் கேழ்வரகின்மேலும் விழுகிறது, எங்கள் லயன் சோற்றிலும் விழுகிறது.

போன பங்குனியில் அந்தப் பட்டேலின் பேரன் என் வீட்டுக்கு வந்தார். தூசியால் பயிர் வெந்து போகிறதென்று கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டுமாம், யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார், டீச்சரம்மா டீச்சரம்மா என்று மரியாதையாகப் பேசினார், நான் யார் மகள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உச்சி வெயிலில் நடந்து வந்தவருக்கு உதடெல்லாம் காய்ந்திருந்தது. உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை. தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொழாத் தண்ணிதானுங்களே?" என்றார்.

ஆமாம் என்றேன். முகம் தெளிந்துவிட்டது. வாங்கி அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

இத்தனை வருஷமாக யாரிடம் கேட்பதென்று தெரியாமல் வைத்திருந்ததை அவரிடமே கேட்டேன்.

"எங்கப்பா காலம் பூரா உங்க ஏரியில முங்கினாரு. அவரு கையால ஒரு வாய்த் தண்ணி உங்க தாத்தா குடிக்கல. கம்பெனிக்காரன் இரும்புக் கொழாயில வந்தா அது சுத்தமாயிடுதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெயில் ரொம்ப அதிகம் என்று சொல்லி, காலித் தம்ளரை என்னிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.